கடைக் கணக்கைக் குழப்புகின்ற குற்றிப் பற்றரி

எமது வியாபாரிகள் தராசு விடயத்தில் மிகவும் கவனமானவர்கள். வருடந்தோறும் அதற்கு முத்திரை குத்திக்கொள்ளாவிட்டால் தண்டம் கட்ட வேண்டிவரும் என்பது ஒருபுறமிருக்க, நிறையில் பிசகு என்று ஒருவர் வாயால் வந்துவிட்டால் கடையின் பெயர் கெட்டுவிடும் என்ற பயம் அவர்களுக்கு இருக்கின்றது. ஆனால் அதே கடையில், அதே மேசையில் இருக்கின்ற லெப்டொப் காட்டுகின்ற திகதி சரிதானா என்று எத்தனை பேர் பார்க்கின்றோம்? தராசுகளை மேற்பார்வை செய்கின்ற அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களமே இலங்கையின் நியம நேரத்தையும் பேணி வருகின்றது என்பது பலருக்குத் தெரியாது. நிறையும் நேரமும் ஒரே கூரையின் கீழ் இருப்பதில் நியாயம் இருக்கின்றது. வியாபாரத்துக்கு இரண்டுமே அளவுகோல்கள்தான்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம், அண்மைக்காலமாகக் கடைக்காரர்களிடமிருந்து ஒரே விதமான முறைப்பாட்டை அடிக்கடி கேட்க முடிவதாகும். "காலையில் மெஷினைப் போட்டால் கறுப்புத் திரையில் ஏதோ எழுத்து வருகின்றது, எஃப் 1 ஐ அழுத்தச் சொல்கின்றது." "திகதி பத்து வருடம் பின்னுக்குப் போய்விட்டது." "பேங்க் பக்கம் திறக்க மறுக்கின்றது." இப்படிச் சொல்கின்ற ஒருவருக்குப் பெரும்பாலும் கிடைக்கின்ற பதில், "நானா, மெஷின் பழசு, மதர்போர்ட் போகப் பார்க்கின்றது, புதிதாக ஒன்று எடுங்கள்" என்பதுதான். அவரும் இலட்சக்கணக்கில் கொடுத்துப் புதிய லெப்டொப் ஒன்றை வாங்கி வருகின்றார். பழையது அலுமாரிக்கு மேலே ஏறுகின்றது. அதற்குள் பழுதாகியிருந்ததோ ஒரு ரூபாக் குற்றியளவான ஒரு பற்றரி. அதன் விலை ஒரு சோற்றுப் பார்சலின் விலைக்குள் அடங்கிவிடும்.

இந்தப் பற்றரியை சீமொஸ் பற்றரி என்பார்கள். லெப்டொப்பைச் சார்ஜ் பண்ணுகின்றோமே, அந்தப் பெரிய பற்றரி வேறு, இது வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதிலிருந்துதான் பாதிக் குழப்பம் ஆரம்பமாகின்றது.

1981 இல் ஐபிஎம் நிறுவனம் தனது முதலாவது பீசீயை விற்பனைக்கு விட்டபோது அதற்குள் நேரத்தை நினைவில் வைத்திருக்க எதுவும் இருக்கவில்லை. ஒவ்வொரு நாளும் மெஷினைப் போடும்போது திகதி என்ன, நேரம் என்ன என்று அது கேட்கும். இருப்பவர் தட்டச்சு செய்ய வேண்டும். 1984 இல் வந்த பீசீ ஏடி என்ற மாதிரியில்தான் மோட்டரோலா நிறுவனத்தின் கடிகாரச் சில்லு ஒன்றைப் பொருத்தி, மெஷின் நிறுத்தப்பட்டிருக்கும் வேளையிலும் அது ஓடுவதற்கு ஒரு பற்றரியையும் கொடுத்தார்கள். அந்தச் சில்லில் 64 பைட் இடம்தான் இருந்தது. அதில் 14 பைட் கடிகாரத்துக்கு, மிகுதி 50 பைட் மெஷினின் அமைப்பு விபரங்களுக்கு. சீமொஸ் என்பது அந்தச் சில்லு செய்யப்பட்ட தொழில்நுட்பத்தின் பெயர். மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடக்கூடியது என்பதால் அதைத் தெரிவு செய்தார்கள். பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

கடிகாரம் ஓடுகின்ற விதமும் சுவையானது. சிறிய குவார்ட்ஸ் பளிங்கு ஒன்று வினாடிக்கு 32,768 தடவை அதிர்கின்றது. அந்த எண்ணைப் பதினைந்து முறை இரண்டால் வகுத்தால் ஒன்று வரும். அதுதான் ஒரு வினாடி. உங்கள் கையிலிருக்கும் சாதாரண குவார்ட்ஸ் மணிக்கூட்டிலும் நடப்பது இதுவேதான். ஆகவே லெப்டொப்புக்குள் ஒரு கைமணிக்கூடு இருக்கின்றது, அதற்கு ஒரு மணிக்கூட்டுப் பற்றரி இருக்கின்றது என்று நினைத்துக்கொண்டால் போதும். கைமணிக்கூட்டின் பற்றரி முடிந்தால் மணிக்கூட்டைக் குப்பையில் போடுவோமா?

இப்பற்றரி எவ்வளவு காலம் நிற்கும் என்பது நாம் மெஷினைப் பாவிக்கின்ற விதத்தில் தங்கியிருக்கின்றது. சார்ஜர் பொருத்தப்பட்டிருக்கும்போது அல்லது பெரிய பற்றரியில் சார்ஜ் இருக்கும்போது பொதுவாகக் கடிகாரம் அவற்றிலிருந்தே மின்சாரத்தை எடுத்துக்கொள்கின்றது. அவை இரண்டும் இல்லாதபோதே குற்றிப் பற்றரி வேலை செய்கின்றது. அன்றாடம் பாவிக்கின்ற லெப்டொப்பில் அது ஐந்து, ஆறு வருடங்களும் அதற்கு மேலும் நின்றுவிடும். பெரிய பற்றரி செத்துப்போய் வயரில் மட்டும் ஓடுகின்ற லெப்டொப்பில், கடையைப் பூட்டி மெயின் சுவிட்சை அணைத்த நிமிடத்திலிருந்து காலை வரை இதன் தலையில்தான் பாரம். எமது கடைகளில் இருப்பவை பெரும்பாலும் இந்த ரகம்தானே! 2020 இல் கொரோனா முடக்கத்தில் மாதக்கணக்கில் மூடிக்கிடந்த கடைகளிலும், 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்ட நாட்களிலும் இந்தச் சிறு பற்றரிகள் எவ்வளவு உழைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அப்போது வலுவிழந்தவை பிறகு ஒவ்வொன்றாகக் கைவிடுகின்றன.

திகதி பிழைத்தால் என்ன நட்டம்?

"திகதி பிழையென்றால் என்ன, திருத்திவிட்டால் போயிற்று" என்று சொல்பவர்கள் இருக்கின்றார்கள். பாட்டுக் கேட்கவும் படம் பார்க்கவும் மட்டும் வைத்திருக்கின்ற லெப்டொப் என்றால் நானும் அப்படித்தான் சொல்வேன். பில் அடிக்கின்ற மெஷின் என்றால் கதை வேறு.

முதலில் வரியை எடுத்துக்கொள்வோம். எமது நாட்டில் பெறுமதி சேர் வரி ஒரே இடத்தில் நிற்பதில்லை. 2019 டிசம்பர் 1 இல் அது 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைந்தது. 2022 ஜூன் 1 இல் 12 வீதமானது. அதே வருடம் செப்டெம்பர் 1 இல் 15 வீதமாகி, 2024 ஜனவரி 1 இலிருந்து 18 வீதத்துக்கு வந்தது. பில் போடுகின்ற பல மென்பொருள்களில் இந்த வீதங்கள் திகதிவாரியாகப் பதியப்பட்டிருக்கின்றன. பில்லின் திகதியைப் பார்த்து மென்பொருளே வீதத்தைத் தெரிவு செய்துகொள்ளும். இப்போது பற்றரி செத்து, மெஷின் காலையில் 2020 ஜனவரி 1 என்று எழும்புகின்றது என வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு நிற்கின்ற தம்பி கவனிக்காமல் ஒரு இலட்சம் ரூபா சாமானுக்கு வற் பில் ஒன்று அடிக்கின்றார். 18,000 ரூபா வரவேண்டிய இடத்தில் 8,000 ரூபா விழுகின்றது. மிகுதிப் பத்தாயிரத்தை வாங்கியவரிடம் போய்க் கேட்க முடியுமா? கேட்டாலும் தருவாரா? அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டியது நீங்கள். அத்தோடு அவர் கையிலிருக்கின்ற பில்லில் திகதியே பிழை என்பதால் அவரது உள்ளீட்டு வரிக் கோரலும் சிக்கலுக்குள்ளாகும். அடுத்த தடவை அவர் வேறு கடைக்குத்தான் போவார்.

வரிக்குப் பதியாத சிறு கடைக்காரருக்கும் தப்பில்லை. எமது வியாபாரத்தில் பாதி கடன். மொத்தக் கடைக்காரர் முப்பது நாள், நாற்பத்தைந்து நாள் தவணையில் சாமான் கொடுக்கின்றார்; பின்திகதியிட்ட காசோலை வாங்குகின்றார். யாருக்கு எத்தனை நாள் கடந்துவிட்டது என்று மென்பொருள் எடுத்துத் தருகின்ற பட்டியல் முழுவதும் திகதியில்தான் நிற்கின்றது. ஒரு நாள் விற்பனை பழைய வருடத்தில் போய் விழுந்தால் அது அந்த மாத அறிக்கையில் வராது. ஏப்ரல் 1 இல் ஆரம்பித்து மார்ச் 31 இல் முடிகின்ற மதிப்பீட்டு ஆண்டின் கணக்கிலும் வராது. கணக்காளர் வருட முடிவில் தேடித் தேடி அலுத்து, அதற்கும் சேர்த்துக் கட்டணம் போடுவார். அவரில் குற்றமில்லை.

கொடுக்கல் வாங்கல் பிணக்கு ஒன்று நீதிமன்றம் வரை போனால் என்ன நடக்கும்? 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க சாட்சிய (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின் பிரகாரம் கணனியிலிருந்து எடுத்த பதிவைச் சாட்சியமாக முன்வைக்கலாம். ஆனால் அந்த மெஷின் உரிய காலத்தில் ஒழுங்காக இயங்கியதா என்ற கேள்வி அங்கே எழும். மற்றப் பக்கத்துச் சட்டத்தரணி உங்கள் விற்பனைப் பட்டியலைப் புரட்டி, நடுவில் பத்து வருடம் பின்னுக்குள்ள ஒரு திகதியைக் காட்டினால் அதற்கு முன்னும் பின்னுமுள்ள பக்கங்களின் மதிப்பும் அல்லவா குறைகின்றது!

வங்கிப் பக்கம் திறக்காமல் போவதற்கும் காரணம் இதுதான். பாதுகாப்பான இணையத்தளம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றிதழ் இருக்கின்றது. இன்ன திகதி முதல் இன்ன திகதி வரை செல்லும் என்று அதில் எழுதியிருக்கும். உங்கள் மெஷின் தான் 2012 இல் இருப்பதாக நினைத்தால், அந்தச் சான்றிதழ் அதன் கணக்கில் இன்னும் வழங்கப்படவே இல்லை. ஆகவே ஆபத்து என்று சொல்லித் தடுத்துவிடுகின்றது. சிலர் வங்கியில் கோளாறு என்று ஏசுவார்கள். வேறு சிலர், இதுதான் எனக்குக் கவலை, எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் "பரவாயில்லை, தொடர்க" என்பதை அழுத்தப் பழகிவிடுகின்றார்கள். ஒரு நாள் உண்மையான போலிப் பக்கம் வரும்போதும் அதே விரல் அதே இடத்தை அழுத்தும்.

இணைய இணைப்பு இருந்தால் வின்டோஸ் நேரத்தைத் தானே திருத்திக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் உடனுக்குடன் திருத்தும் என்ற உத்தரவாதம் இல்லை. வித்தியாசம் மிகப் பெரிதாக இருந்தால் தானாகத் திருத்தாமல் விட்டுவிடுவதும் உண்டு. அது திருத்துவதற்கு முன்னர் அடித்த பில் அடித்ததுதான். இந்தத் தானியங்கித் திருத்தத்தினால் பற்றரி பலவீனமடைந்திருப்பது மாதக்கணக்கில் கண்ணில் படாமல் போவதும் நடக்கின்றது.

ஃபோர்மெட் என்ற விபரீதம்

இதையெல்லாம் விடப் பெரிய நட்டம் ஒன்று இருக்கின்றது. கிழக்கில் ஒரு சிறு நகரத்தில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கின்ற ஒருவருக்கு நடந்தது. ஒரு நாள் காலை அவருடைய லெப்டொப் வின்டோஸுக்குள் போகாமல் நீலத் திரையோடு நின்றுவிட்டது. கொண்டுபோய்க் கொடுத்த இடத்தில் "ஹார்ட் டிஸ்க்கில் பிழை" என்று சொல்லி, ஃபோர்மெட் பண்ணிப் புதிதாக வின்டோஸ் போட்டுக் கொடுத்தார்கள். மெஷின் ஓடியது. நாலு வருடத்துக் கடன் கணக்குப் போய்விட்டது. இரண்டு வாரம் கழித்து மறுபடியும் திகதி பின்னுக்குப் போனபோதுதான் பற்றரி என்ற பேச்சே வந்தது. கடன்காரர்களில் நல்லவர்கள் தாமாகவே வந்து தொகையைச் சொன்னார்கள். வராதவர்களை அவர் என்ன செய்வது?

இங்கே நடந்தது என்ன? பழைய மெஷின்களில் ஹார்ட் டிஸ்க்கோடு எந்த முறையில் பேச வேண்டும் என்பது போன்ற அமைப்புகளையும் இந்தப் பற்றரிதான் காப்பாற்றி வைத்திருக்கின்றது. பற்றரி முடிந்ததும் அவை தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பிவிடும். வின்டோஸ் போட்டிருப்பது ஒரு முறையில், மெஷின் இப்போது நிற்பது இன்னொரு முறையில் என்றால் நீலத் திரைதான் வரும். டிஸ்க்கில் ஒரு பழுதும் இல்லை. உள்ளமைப்புப் பக்கத்துக்குப் போய் அந்த ஒரு வரியை மாற்றினால் எல்லாம் இருந்தபடியே எழும்பும். அண்மைக்கால மெஷின்களில் அமைப்புகள் வேறொரு நிரந்தரச் சில்லில் இருப்பதால் இந்த ஆபத்துக் குறைவு. எனினும் கடைகளில் ஓடுபவை பத்து வருடத்துக்கு மேற்பட்டவை என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆகவே எனது அபிப்பிராயம் இதுதான்: திகதி பின்னுக்குப் போகின்ற ஒரு லெப்டொப்பை, பற்றரியைப் பார்க்காமல் ஃபோர்மெட் பண்ண யாருக்கும் அனுமதி கொடுக்கக் கூடாது. ரிப்பெயாருக்குக் கொடுக்கும்போதே இதைச் சொல்லி, துண்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மெஷினை மட்டும் கொடுங்கள். உங்கள் கடன்காரர் பட்டியலும் கொள்வனவு விலைகளும் அதற்குள் இருக்கின்றன. கணக்குக் கொப்பியைத் தெரியாத கடையில் ஒரு வாரம் விட்டுவிட்டு வருவோமா?

பழுதை எப்படி உறுதி செய்வது?

செலவில்லாத சோதனை ஒன்று இருக்கின்றது. மாலையில் திகதியையும் நேரத்தையும் சரியாக வைத்து, மெஷினை முழுமையாக நிறுத்தி, சார்ஜரையும் கழற்றி, பெரிய பற்றரி வெளியே எடுக்கக்கூடியதாயின் அதையும் எடுத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். காலையில் இணையத்தைத் தொடுக்காமல் போட்டுப் பாருங்கள். திகதி பின்னுக்குப் போயிருந்தால் அல்லது இரவு நிறுத்திய நேரத்திலேயே நின்றிருந்தால் குற்றிப் பற்றரிதான். பழைய திங்க்பேட் மெஷின்களில் 0271 அல்லது 0251 என்ற இலக்கத்தோடு செய்தி வரும். முதலாவது திகதியைப் பாருங்கள் என்பது, இரண்டாவது சீமொஸ் கணக்குப் பிழைத்துவிட்டது என்பது. மற்ற நிறுவனங்களும் இதே கருத்தில் வேறு சொற்களைப் போடுகின்றன. திகதி சரியாக இருந்து நேரம் மட்டும் சரியாக ஐந்தரை மணித்தியாலம் பிசகினால் பற்றரியில் குற்றமில்லை. நேர வலயத்தை இலங்கைக்கு மாற்றினால் போதும்.

இனி மாற்றுகின்ற வேலை. கை நிதானமுள்ள எவரும் செய்யலாம். பயமென்றால் வேலை தெரிந்த தம்பி ஒருவரைக் கடைக்கே கூப்பிட்டு உங்கள் முன்னால் செய்விப்பதே மேல். அரை மணித்தியால வேலை.

அதற்கு முன் இரண்டு காரியங்கள். கணக்கு முழுவதையும் வேறொரு டிஸ்க்கில் அல்லது பென் டிரைவில் பிரதி எடுங்கள். அதன்பின் மெஷினைப் போடும்போது உள்ளமைப்புப் பக்கத்துக்குள் நுழைந்து, ஒவ்வொரு திரையையும் கைத்தொலைபேசியில் படம் பிடித்து வையுங்கள். புதிய வின்டோஸ் உள்ள மெஷினாயின் பிட்லொக்கர் என்ற பூட்டு போடப்பட்டிருக்கின்றதா என்றும் பார்க்க வேண்டும். பலருடைய மெஷினில் அது அவர்களுக்குத் தெரியாமலே போடப்பட்டிருக்கும். அமைப்புகள் மாறினால் அது 48 இலக்கங்கள் கொண்ட திறவுகோலைக் கேட்கும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கை ஆரம்பத்தில் திறந்து தந்தது கடையை விட்டுப் போன பழைய ஊழியர் என்றால், முதலில் அதைச் சரிசெய்த பின்னரே ஸ்குரூ ட்ரைவரைத் தொடுங்கள்.

சார்ஜரைக் கழற்றி, பெரிய பற்றரியை எடுத்து, பவர் பட்டனை இருபது வினாடி அழுத்திப் பிடித்துவிட்டுத் திறக்க வேண்டும். சில மெஷின்களில் அடியில் நினைவகத்துக்குரிய சிறு மூடியைக் கழற்றியதும் பற்றரி தெரியும். பலவற்றில் அடிப்பாகம் முழுவதையும் கழற்ற வேண்டியிருக்கும். கழற்றுகின்ற ஆணிகளை ஒரு கடதாசியில் மெஷினின் படத்தைக் கீறி, எடுத்த இடத்திலேயே குத்தி வையுங்கள். ஆணிகள் ஒரே நீளமானவை அல்ல. நீளமான ஆணியைக் கட்டையான துளையில் முறுக்கி, உள்ளே பலகையைத் துளைத்துவிட்டு, "முன்னர் நன்றாகத்தான் இருந்தது" என்று சொல்கின்றவர்களைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருக்கின்றேன்.

டெஸ்க்டொப்பில் இந்தப் பற்றரி ஒரு கிண்ணம் போன்ற பிடிக்குள் இருக்கும். லெப்டொப்பில் பெரும்பாலும் கறுப்பு அல்லது மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, இரண்டு மெல்லிய வயரோடும் ஒரு சின்னச் சொருகியோடும் இருக்கும். சொருகியைப் பிடித்துக் கழற்றுங்கள். வயரைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். அதன் பின்னர் பழையதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலோ பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவிலோ தேடினால் கிடைக்கும். வாயால் மாதிரி சொல்லி வாங்க வேண்டாம். வயரின் நீளம், சொருகியின் அளவு, சிவப்பு எந்தப் பக்கம் கறுப்பு எந்தப் பக்கம் என்பதை நேரில் ஒப்பிட்டே வாங்க வேண்டும். இரு நிறுவனங்களின் சொருகி ஒரே மாதிரி இருக்கும். உள்ளே நேர், மறை மாறியிருக்கும்.

பற்றரியின் மேல் எழுதியிருக்கும் இலக்கத்தை விளங்கிக்கொள்வது எளிது. சீஆர் 2032 என்றால் குறுக்களவு 20 மில்லிமீற்றர், தடிப்பு 3.2 மில்லிமீற்றர். 2025, 2016 என்பன அதே அகலத்தில் மெல்லியவை. எல்லாம் 3 வோல்ட். புதியதை மீற்றரில் வைத்தால் மூன்றுக்குச் சற்று மேலே காட்ட வேண்டும். மூன்றைத் தொடாவிட்டால் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். ஆனால் ஒரு விடயத்தில் மிகவும் கவனம் தேவை. சில லெப்டொப்களில் எம்எல் என்று ஆரம்பிக்கின்ற, உதாரணமாக எம்எல் 1220, பற்றரி இருக்கும். அது திரும்பத் திரும்பச் சார்ஜ் ஆகின்ற ரகம். அந்த இடத்தில் சார்ஜ் ஆகாத சீஆர் ரகத்தைப் போட்டால் மெஷின் அதற்குள்ளும் மின்சாரத்தைச் செலுத்தப் பார்க்கும். கசியலாம், வெடிக்கவும் கூடும். "எல்லாம் 3 வோல்ட்தானே" என்று சொல்லித் தருகின்ற கடைக்காரரை நம்ப வேண்டாம்.

அதேபோல, வயரோடு கூடிய பற்றரி கிடைக்கவில்லை என்று சாதாரணக் குற்றிப் பற்றரியின் மேல் நேரடியாக ஈயம் பற்றவைக்கின்ற பழக்கமும் நம்மிடம் உண்டு. அந்தச் சூடு பற்றரியின் உள்ளே போய் அதைக் கெடுக்கும், சில வேளை வெடிக்க வைக்கும். தொழிற்சாலையில் தகடு ஒட்டி வருகின்றதை வாங்குவதுதான் முறை.

சில புதிய மெல்லிய லெப்டொப்களில் தனியான குற்றிப் பற்றரியே இல்லை. பெரிய பற்றரிதான் கடிகாரத்துக்கும் பொறுப்பு. அப்படியானதில் திகதி பிழைத்தால் பெரிய பற்றரியைத்தான் பார்க்க வேண்டும். இல்லாத பற்றரியை மாற்றியதாகக் காசு எடுக்கவும் ஆட்கள் இருப்பார்கள் என்பதால் இதையும் சொல்லி வைக்கின்றேன்.

பாவித்த லெப்டொப்களை மொத்தமாக இறக்கி விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடவுச்சொல் போட்டுப் பூட்டிய மெஷினை மலிவாக எடுத்து, "பற்றரியைக் கழற்றிப் போட்டால் கடவுச்சொல் போய்விடும்" என்று நம்பி முதலைப் போடுகின்றார்கள். பழைய டெஸ்க்டொப்களில் அது நடந்தது. லெப்டொப்களில் அந்தக் கடவுச்சொல் பெரும்பாலும் பற்றரி தேவைப்படாத வேறொரு சில்லில் இருக்கின்றது. பற்றரியை ஒரு மாதம் கழற்றி வைத்தாலும் போகாது. மறுபுறம், களஞ்சியத்தில் வருடக்கணக்கில் கிடந்த மெஷினை விற்கும்போது குற்றிப் பற்றரியை மாற்றிக் கொடுப்பது விற்பவரின் கடமை என்றே நான் கருதுகின்றேன். அந்தச் சிறு செலவை மிச்சம் பிடித்துவிட்டு, வாங்கியவர் ஒரு மாதத்தில் முறைப்பாட்டோடு வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வதில் என்ன இலாபம் இருக்கின்றது?

ரிப்பெயார் செய்கின்றவர்கள் கூலி எடுப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. பற்றரி சல்லிக்காசு என்றாலும் திறந்து மூடுகின்ற வேலைக்கும் பொறுப்புக்கும் ஒரு கூலி உண்டு. அதைக் கேட்டு வாங்கட்டும். ஆட்சேபம், பற்றரி மாற்றியதை மறைத்து "போர்ட் வேலை" என்று பில் போடுவதில்தான். கழற்றிய பழைய பற்றரியைக் கையில் தருமாறு கேளுங்கள்; வாகனக் கராஜில் பழைய பாகத்தைக் கேட்டு வாங்குவது போலத்தான். வீட்டுக்குக் கொண்டுபோனால் பிள்ளைகள் எடுக்காத இடத்தில் வையுங்கள். இந்த அளவுக் குற்றிப் பற்றரியைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக்குழாய் எரிந்துவிடக்கூடும். வாந்தி எடுக்க வைக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

புதியதைப் பொருத்தி மூடியதும் உள்ளமைப்புப் பக்கத்தில் திகதி, நேரத்தை வைத்து, முன்னர் எடுத்த படங்களோடு மற்ற வரிகளை ஒப்பிட்டுச் சேமியுங்கள். மாற்றிய மாதத்தையும் வருடத்தையும் ஒரு துண்டில் எழுதி மெஷினின் அடியில் ஒட்டிவிடுங்கள். பிறகு மென்பொருளுக்குள் போய், பிழையான திகதியில் விழுந்த பில்கள் இருக்கின்றனவா என்று தேட வேண்டும். கடை ஆரம்பித்ததற்கு முந்திய திகதியிலிருந்து பட்டியல் கேட்டால் பலது அகப்படும். அவற்றை அழித்துவிட வேண்டாம். பிழையைக் குறிப்பிட்டு, கணக்காளரிடம் காட்டி, முறைப்படி திருத்துங்கள்.

பழைய லெப்டொப்பை எவ்வளவு காலமும் இழுக்கலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. வின்டோஸ் 10 இற்கான மைக்ரோசொஃப்ட்டின் சாதாரண ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. அதில் நிற்கின்ற, வின்டோஸ் 11 ஏற்காத மெஷினில் பற்றரியை மாற்றுவது கடிகாரத்தைத்தான் சரியாக்கும், பாதுகாப்பை அல்ல. அப்படியானதை இணையத்தில் தொடுக்காமல் பில் அடிக்கவும் ஸ்டொக் பார்க்கவும் வைத்துக்கொண்டு, வங்கி அலுவல்களை வேறொரு மெஷினில் செய்யுங்கள். இணையம் இல்லாத மெஷினுக்கு நேரத்தைத் திருத்திக் கொடுக்க வேறு யாரும் இல்லை என்பதால், காலையில் கடை திறந்ததும் முதல் பில்லுக்கு முன் திகதியைப் பார்க்கின்ற பொறுப்பை ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள்.